அறை வாடகைக்கு

போர்த்தோ நகரத்தில், பொன்ஃபிம் பக்கம்,
கருங்கல் வீடு, மூன்றாவது மாடி.
'வெளிச்சம் உண்டு, பேருந்து அருகில்' என்று விளம்பரம் கொடுத்தேன்.
குளிரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
அறுபத்திரண்டு வருடமாக இதே சுவருக்குள் இருக்கிறேன்.
சுவர் வியர்ப்பதை
நான் குளிர்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் வந்தவள் துயாரா,
யாகூத்ஸ்க் பக்கத்துப் பெண்.
அவள் ஊரில் ஜனவரியில்
பாலை வட்டு வட்டாக உறையவைத்துச் சாக்கில் விற்பார்களாம்.
மீனை விறகு மாதிரிப் பெட்டியில் நட்டு வைப்பார்களாம்.
சைபருக்குக் கீழே ஐம்பது.
நான் மனசுக்குள் கூட்டிக் கழித்தேன்:
இவளுக்குக் கணப்பு வேண்டாம், மின்சாரக் காசு மிச்சம்.
வடக்குப் பார்த்த அறையை, சன்னல் ஒட்டாத அந்த அறையை,
அவள் தலையில் கட்டினேன்.

அடுத்து ரோப்லே, ஜிபூத்திக்காரன்,
துறைமுகத்தில் வேலை.
பெயருக்கு மழையோடு வந்தவன் என்று பொருளாம்.
அங்கே அது
பிள்ளைக்குத் தங்கம் என்று பெயர் வைப்பது மாதிரி.
நவம்பர் தூறலில் தொப்பலாக வாசலில் நின்று
அவன் அதைச் சொன்னபோது
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
தெற்கு அறையும் இரண்டு கம்பளியும் கொடுத்தேன்.
இரக்கப்பட்டுத்தான்.

ஜனவரி வந்தது.
வெளியே பதினொன்று. உள்ளேயும் பதினொன்று.
துயாரா தொப்பியோடு சாப்பிட்டாள்.
கையுறை விரலை நறுக்கிவிட்டுப் புத்தகம் புரட்டினாள்.
"ஐம்பதில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு குளிரா?"
கரண்டியைக் கீழே வைத்தாள்.
"எங்கள் ஊரில் குளிர் தெருவில் நிற்கும்.
மூன்று கதவு. மூன்றையும் தாண்டி வராது.
உள்ளே நான் கையில்லாத சட்டையில் திரிவேன்.
இங்கே அது என்னோடு படுக்கிறது.
காலையில் நான் எழுந்த பிறகும்
அது எழுவதில்லை."

சுருக்கென்றது.
ஆனாலும் கணப்பு வாங்கவில்லை.

ரோப்லே இருக்கிற துணியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு
சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினான்.
மூடினால் மூச்சு முட்டுமாம்.
ஊரில் இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கினால்
அவன் அம்மா பிள்ளைகளுக்குக் காதை மூடிக் கட்டுவாளாம்.
"பாசாங்கு இல்லை, பல் அடித்துக்கொள்ளும்" என்றான்.
"அங்கே நடுங்கியதும் இங்கே நடுங்குவதும்
ஒரே நடுக்கம்தான்."

பிப்ரவரியில் மின்சாரக் கட்டணம் வந்தது.
பார்த்ததும் புரிந்துவிட்டது,
வடக்கு அறையில் எனக்குத் தெரியாமல் ஒரு எண்ணெய்க் கணப்பு.
தாளைக் கையில் பிடித்தபடி
சண்டைக்குத்தான் போனேன்.
இரண்டு பேரும் தரையில் இருந்தார்கள்.
ரோப்லேயின் ஈரக் காலுறைகள்
கணப்பின் முதுகில் ஆவிவிட்டுக்கொண்டிருந்தன.
யாரும் பதறவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.
உட்கார்ந்தேன்.
என் முழங்கால் வலி,
இத்தனை நாள் வயசு என்று நான் நினைத்திருந்தது,
கால் மணி நேரத்தில் காணாமல் போனது.
அந்தத் தாளை மடித்து
அங்கிப் பைக்குள் வைத்தேன்.

ஆகஸ்டில் முப்பத்தெட்டு.
பகலெல்லாம் வாங்கியதைக் கருங்கல்
ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுத்தது.
ஈர விரிப்பைக் கதவில் தொங்கவிட்டு
அதனடியில் படுத்துக் கிடந்தேன்.
துயாரா சந்தைக்குப் போய் முலாம்பழம் வாங்கி வந்தாள்.
அவள் ஊர்க் கோடையிலும் இப்படி நாள்கள் உண்டாம், கொசு வேறு.
மயங்கி விழுந்தது ரோப்லேதான்,
கப்பல் தளத்தில், மதியம் இரண்டு மணிக்கு.
"எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு" என்றானாம் மருத்துவரிடம்,
"ஆனால் இந்த நேரத்தில்
எந்தப் பைத்தியக்காரன் வேலை செய்வான்?"

இந்த நவம்பரில்
சமையலறைப் பக்கத்து அறை காலியாகிறது.
விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
'குளிர் உண்டு. கணப்பும் உண்டு.'
தொலைபேசியில் ஒரு பெண் குரல்,
பின்னால் எங்கோ ரயில் சத்தம்.
"ரொம்பக் குளிருமா?"

பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
"உங்களுக்கு எந்த ஊர்?"
என்று கேட்டுவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.